பத்தாயிரம் வீட்டுக்கு ஒரே அடுப்படி



இந்த வருடம் நம்மவர்களில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் சமையலறையை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. குழுவில் வரும் படங்களில் பாதி டைல்ஸ், மீதி கப்போர்டு கதவு. "எந்தக் கலர் டீச்சர் நல்லாருக்கும்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கலருக்குக் கடைசியில் வருகிறேன். கையில் இருக்கும் காசு கொஞ்சம், செய்ய வேண்டியது நிறைய என்ற நிலையில் ஒரு சமையலறையை எப்படித் திட்டமிடுவது என்பதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுத நினைத்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணவீக்கம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அதைப் படித்துவிட்டுக் கடந்து போய்விடுவோம். 1923-ல் அங்கே காலையில் வாங்கிய கூலி மாலையில் ரொட்டிக்குக் காணாது என்கிற நிலை. வீடு கட்ட யாரிடமும் பணமில்லை. நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் ஓர் அறை, இரண்டு அறை வீடுகளில் அடைந்து கிடந்தன. அந்த வீடுகளில் சமையலறைதான் எல்லாமே. குளிர் நாடு அல்லவா, நிலக்கரி அடுப்பு எரிகிற இடத்தில்தான் எல்லாரும் இருப்பார்கள். சமைப்பது, துவைப்பது, குளிப்பது, பிள்ளைகள் பாடம் எழுதுவது எல்லாம் அங்கேதான். பல வீடுகளில் ராத்திரி படுக்கையும் அங்கேதான்.

பிராங்பர்ட் நகரத்தின் மேயர் லுட்விக் லாண்ட்மன் 1925-ல் எர்ன்ஸ்ட் மை என்ற கட்டடக் கலைஞரை அழைத்து நகரத்தின் கட்டுமானப் பொறுப்பை ஒப்படைத்தார். அடுத்த ஐந்து வருடத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கடன் வாங்கி வீடு கட்டியிருந்த பழைய வீட்டுக்காரர்களின் கடன் பணவீக்கத்தில் கரைந்து காணாமல் போயிருந்தது. உழைக்காமல் வந்த அந்த லாபத்தில் ஒரு பங்கை அரசு வரியாக வாங்கியது. அந்த வரியில் ஒரு பகுதி புது வீடுகளுக்குப் போனது. நல்ல யோசனைதான். இருந்தாலும் பணம் அளவோடுதான் இருந்தது. ஒவ்வொரு வீடும் சிறியது, ஒவ்வொரு அறையிலும் செலவைப் பிழிந்தெடுக்க வேண்டும்.

1926-ல் வியன்னாவிலிருந்து ஒரு பெண்ணை அங்கே வரவழைத்தார்கள். மார்கரெட் லிஹோட்ஸ்கி. வயது 29. மறு வருடம் திருமணமானபின் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஆனார். பெண்கள் கட்டடக்கலை படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் வியன்னாவில் அதைப் படித்தவர். அவர் வரைந்த சமையலறைதான் "பிராங்பர்ட் சமையலறை" என்று இன்றைக்கும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிற ஒன்று. ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள்.

அதன் அளவு 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. கேட்டதும் "அய்யோ, இவ்வளவு சின்னதா" என்று தோன்றும். நம்மில் பலர் வீட்டுச் சமையலறையும் இவ்வளவுதான், அளந்து பாருங்கள்.

அவர் எங்கிருந்து யோசனை எடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அரண்மனைச் சமையலறையைப் பார்க்கவில்லை, ரயிலில் உணவுப் பெட்டியைப் பார்த்தார். கையகல இடத்தில் ஒரு ரயில் கூட்டத்துக்கே சமைத்துப் போடுகிறார்களே, எப்படி? நின்ற இடத்தில் திரும்பினால் எல்லாம் கைக்கு எட்டுகிறது, அதனால்தான். இதே யோசனை அவருக்கு முன்பே ஒருவருக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் கேத்தரின் பீச்சர் என்ற ஆசிரியை (ஆமாம், நம் இனம்தான்) தன் தங்கை ஹாரியட்டுடன் சேர்ந்து 1869-ல் வெளியிட்ட வீட்டு நிர்வாகப் புத்தகத்தில் கப்பல் சமையலறையை உதாரணம் காட்டினார். கப்பல், ரயில் இரண்டிலும் இடம் விலை உயர்ந்தது. ஏழை வீட்டிலும் அப்படித்தான்.

பிறகு 1912, 1913-ல் கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்ற அமெரிக்கப் பெண் தொழிற்சாலையில் செய்கிற வேலை அளவீட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தார். சமையலறையின் வரைபடத்தில் அலமாரியிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து தொட்டிக்கு என்று நடக்கிற நடையைக் கோடாகப் போட்டுக் காட்டினார். ஒழுங்கில்லாமல் சாமான் வைத்த சமையலறைப் படம் சிலந்தி வலை போல இருக்கும். ஒழுங்கானதில் நாலே நாலு கோடு. அந்தப் புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போனது, லிஹோட்ஸ்கி படித்தார், கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்தார்.

அவர் செய்தவற்றில் சில இவை. ஜன்னலடியில் ஒரு பலகை மேடை, அதன் முன் சுழலும் முக்காலி, காய் நறுக்குகிறவர் உட்கார்ந்து நறுக்கலாம். மேடையிலேயே ஒரு குப்பை இழுப்பறை, தோலை அப்படியே கையால் தள்ளிவிடலாம். அரிசி, சர்க்கரை, பருப்புக்கு அலுமினியத்தில் பிடிவைத்த 18 சிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, ஏனென்றால் ஓக்கில் புழு அண்டாது என்பது கணக்கு. நறுக்கும் பலகைக்குப் பீச் மரம், கத்தித் தழும்பும் கறையும் தாங்கும். சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை. கூரையில் கம்பியில் ஓடும் விளக்கு, எங்கே வேலையோ அங்கே தள்ளிக்கொள்ளலாம். பக்கத்து அறைக்கு இழுத்து மூடும் கதவு, அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மூன்று மீட்டருக்கு மேல் நடை இல்லாதபடி. சமைத்துக்கொண்டே அந்த அறையில் விளையாடும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

இதில் செலவுக் கணக்கைக் கவனியுங்கள். அலமாரி எல்லாம் வைத்துக் கொடுத்தால் செலவு கூடத்தானே வேண்டும்? அவர்கள் அறையைச் சுருக்கினார்கள். அறை சுருங்கியதால் சுவரும் தரையும் மிச்சம். அந்த மிச்சம்தான் அலமாரிக்கான காசு. எல்லாம் ஒரே அளவு என்பதால் பட்டறையில் மொத்தமாகச் செய்து கொண்டுவந்து பொருத்திவிடலாம். குடிவருகிறவர்கள் தனியாகச் சமையலறைச் சாமான் வாங்க வேண்டியதில்லை. இதற்காக மாத வாடகையில் ஒரு மார்க் போலக் கூடியது என்று சொல்கிறார்கள். அளவுநாடா செய்த வேலை இது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு முள் இருக்கிறது. அந்தச் சமையலறையை வரைகிறவரை தான் சமைத்ததே இல்லை, குடும்பம் நடத்தியதும் இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். பெண் என்பதாலேயே சமையலறையை வரைந்தார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டது அவருக்கு எரிச்சல். நியாயமான எரிச்சல்தான். ஆனால் குடிவந்த பெண்களுக்கும் எரிச்சல் இருந்தது. ஒருவருக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. மகள் வந்து கூட நின்று ஒரு வெங்காயம் உரிக்க இடமில்லை. கீழே வைத்த இழுப்பறைகள் குழந்தை கைக்கு எட்டின, இழுத்துக் கொட்டியது. "அரிசி" என்று எழுதிய பெட்டியில் அவரவர் விருப்பத்துக்கு வேறு எதையோ போட்டார்கள். சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்குள்ளேயே போட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது முடியாமல் போனது. ரோமர்ஷ்டாட் என்ற குடியிருப்பில் அடுப்பு முதற்கொண்டு எல்லாம் மின்சாரம். நவீனம்தான், கரண்ட் பில் வந்தபோது புகார். எழுபதுகளில் பெண்ணுரிமை பேசியவர்கள் வேறொரு கோணத்தில் கேட்டார்கள்: பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லி, வீட்டார் யாரும் உதவிக்கு வர முடியாத பெட்டிக்குள் அவளைத் தனியாக நிறுத்திவிட்டீர்களே என்று.

நான் லிஹோட்ஸ்கி பக்கம்தான் சாய்வேன். பத்தாயிரம் வீட்டில் வெளிச்சமும் காற்றும் உள்ள அடுப்படியைக் கொண்டுவந்தது சின்ன விஷயமில்லை. அவர் வாழ்க்கையும் அப்படி. ஹிட்லருக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்து 1941-ல் வியன்னாவில் பிடிபட்டு, பதினைந்து வருடத் தண்டனை பெற்று, 1945-ல் போர் முடியும் தறுவாயில் விடுதலையானவர். 2000-ம் வருடம் ஜனவரியில், 103-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் காலமானார். ஆனாலும் அந்தப் பெண்களின் புகாரை நான் தள்ள மாட்டேன். அளந்தது எல்லாம் சரி, அளந்தது யாரை என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் இதையே வேறு மாதிரி செய்தார். உளவியல் படித்தவர், பெரிய குடும்பத்துத் தாய். 1924-ல் கணவர் இறந்தபின் தொழிற்சாலைகள் இவரை வேலைக்கு எடுக்கத் தயங்கின. அப்போதுதான் சமையலறைப் பக்கம் திரும்பினார். புரூக்ளின் எரிவாயு நிறுவனத்துக்காக 1929-ல் ஒரு மாதிரிச் சமையலறை அமைத்தார். ஸ்ட்ராபெரி கேக் ஒன்றைப் பழைய அமைப்பிலும் புது அமைப்பிலும் செய்யவைத்து நடையை எண்ணினார்கள். 281 காலடி நடந்த இடத்தில் 45 காலடியில் முடிந்தது. அதைவிட முக்கியமாக, மேடையின் உயரம் அங்கே நிற்கிற பெண்ணின் உயரத்தைப் பொறுத்தது என்று அவர் சொன்னார். இந்த ஒரு விஷயத்தை நம் ஊர்க் கொத்தனார்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? "எல்லா வீட்லயும் இந்த உயரந்தானுங்க" என்பதுதான் பதில்.

நம் பக்கமும் வருகிறேன். நம் பாட்டிமார் அடுப்படியில் எல்லாமே தரையோடு தரை. மண் அடுப்பு, அம்மி, ஆட்டாங்கல், அரிவாள்மணை. உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் புகை. கண் எரிச்சலும் இருமலும் பெண் பிறவியோடு வந்தது என்று விட்டுவிட்டார்கள். ஐதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எஸ்.பி. ராஜு என்பவர் 1953-ல் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். மண்ணையும் கைவேலையையும் கொண்டே புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டலாம் என்று காட்டினார். பிராங்பர்ட்டைவிடக் குறைந்த செலவில் யோசித்த சமையலறைச் சீரமைப்பு இது. எண்பதுகளில் மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புத் திட்டம் என்று நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஏராளமான அடுப்புகள் சில வருடத்தில் கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைத்துக்கொண்டது, துடைக்க ஆளில்லை. அடுப்பின் வாய்க்கும் வீட்டுப் பானைக்கும் பொருந்தவில்லை. மறுபடியும் அதே முள்தான்.

நம்மை எழுந்து நிற்கவைத்தது சிலிண்டர். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. எனவே கேஸ் வந்த வீட்டில் மேடை வந்தது. 2007 வாக்கில் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் பலர் வீட்டில் மேடை கிடையாது. செங்கல் அடுக்கி மேலே கடப்பாக்கல் போட்டு அதில் அடுப்பை வைத்தார்கள். 2011-ல் மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாக வந்தன. கிரைண்டர் வைக்க இடமும் பிளக் பாயின்ட்டும் தேடினார்கள். இப்படி ஒவ்வொரு சாமானும் வரும்போது ஒரு மூலையில் செருகிச் செருகி வளர்ந்ததுதான் நம் சமையலறை. யாரும் உட்கார்ந்து வரைந்ததில்லை.

இப்போது என் அண்ணன் மகள் வீட்டுக் கதை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பத்துக்கு ஏழு அடுப்படி. கையில் ஒன்றேமுக்கால் லட்சம். மாடுலர் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு நாலு லட்சத்துக்குச் சொச்சம் என்று தாள் கொடுத்தார்கள். "அத்தை, இதுல எதையெல்லாம் அடிச்சுவிடலாம்?" என்று கேட்டாள். அந்தத் தாளைப் பார்த்தேன். பெரும்பகுதி கதவு, இழுப்பறை, பிளைவுட், மைக்கா. தண்ணீர்க் குழாய், சாக்கடை வாட்டம், கரண்ட் பாயின்ட் மூன்றுக்கும் சேர்த்து இரண்டே வரி. சமைக்கிறவர்கள் யார், எத்தனை பேர், என்ன உயரம் என்று ஒரு இடத்திலும் இல்லை.

தாளை மூடி வை என்றேன். மறுநாள் காலை ஒரு டம்ளரை வைத்து, ஹாலில் இருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னேன். ஒன்பது மணிக்குள் 23 கொட்டை. கில்பிரெத் அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பழைய மர ஸ்டாண்டு ஒன்று காலி டப்பாக்களோடு நின்றது. அதை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜை அங்கே வைத்தோம். ஆன செலவு ஒரு பிளக் பாயின்ட்.

தொட்டியை ஜன்னலுக்கடியில் மாற்ற வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேண்டாம் என்று சொன்னேன். தொட்டி நகர்ந்தால் தரையை உடைத்து சாக்கடைக் குழாயை வாட்டம் பார்த்துப் போட வேண்டும். வாட்டம் கொஞ்சம் தவறினாலும் ஆயுசுக்கும் அடைப்பு. சின்ன பட்ஜெட்டில் தண்ணீர் இருக்கும் இடம் இருக்கட்டும், மற்றதை அதைச் சுற்றி நகர்த்துங்கள்.

உயரத்துக்கு வருவோம். முழங்கையை மடக்கி நின்று தரையிலிருந்து அளந்து, அதில் நாலு அங்குலம் போல் கழித்தால் நறுக்குகிற மேடையின் உயரம் வரும். ஐந்தடிப் பெண்ணுக்கு 33 அல்லது 34 அங்குலம். ஆனால் கேஸ் அடுப்பு தானே நாலைந்து அங்குலம் உயரம், அதன்மேல் குக்கர். அதே மேடையில் அடுப்பை வைத்தால் தோளைத் தூக்கித்தான் கிண்ட வேண்டும். தினம் இரண்டு வேளை, முப்பது வருடம். தோள்பட்டை வலி எங்கிருந்து வருகிறது என்று டாக்டரிடம் கேட்பார்கள்! தொட்டியோ நேர் எதிர். எட்டு அங்குல ஆழத்தில் கை போகிறது, குனிய வேண்டியிருக்கிறது. ஆக அடுப்பு இருக்கும் பகுதி கொஞ்சம் தாழ, தொட்டி கொஞ்சம் உயர. கொத்தனார் முதலில் முனகினார். ஈரச் சிமெண்ட் இல்லாமல் வெறும் செங்கலை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதில் இரண்டு நாள் சமைத்துப் பார்த்த பிறகுதான் கட்டச் சொன்னோம். ஒரு வரிசை செங்கலை எடுக்கவேண்டி வந்தது. சிமெண்ட் போட்டிருந்தால் அது ஒரு நாள் கூலி.

அவள் மாமியாருக்கு மூட்டுவலி. அரிவாள்மணையில் உட்கார முடியவில்லை, ரொம்ப நேரம் நிற்கவும் முடியவில்லை. ஆனால் காய் நறுக்கிக் கொடுக்காமல் அந்த அம்மாவால் இருக்க முடியாது. "நான் இருந்து என்ன பண்ண" என்று ஆரம்பித்துவிடுவார். கம்பெனித் தாளில் ஜன்னலடி முழுக்க மூடிய கப்போர்டு இருந்தது. லிஹோட்ஸ்கியின் முக்காலிதான் நினைவுக்கு வந்தது. ஜன்னலடியில் மூன்றடி நீளத்துக்கு, 28 அங்குல உயரத்தில், வெறும் ஸ்லாப். கீழே காலை நீட்டிக்கொள்ள ஒன்றுமே வைக்காமல் காலியாக விட்டோம். கப்போர்டு இல்லாததால் காசும் மிச்சம். முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று ஏற்கனவே வீட்டில் இருந்தது. இரண்டு பேர் இருந்து வேலை செய்கிற அடுப்படி இது. பிராங்பர்ட்டில் இதுதான் இல்லை.

பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன், மேடைக்கு மேலே ஒரு டியூப்லைட், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தனித்தனி பாயின்ட். நம் நிழல் நம் கத்திமேலேயே விழாதபடி விளக்கு நமக்கு முன்னால் இருக்க வேண்டும். இவை முடிந்தபின் கடப்பாக்கல் தட்டுகள். பழைய கிரானைட்டைப் பக்குவமாக எடுத்து, அறுத்து, திரும்பப் போட்டார்கள்.

கலர் கேட்டவர்களுக்கு: பிராங்பர்ட்டில் நீலப்பச்சை அடித்தார்கள், நீலத்தில் ஈ உட்காராது என்று அப்போது நம்பினார்கள். அண்ணன் மகள் வெள்ளை அடித்திருக்கிறாள், வெளிச்சம் கூடுமென்று. தட்டுகளுக்குக் கதவு இன்னும் போடவில்லை. இப்போதைக்குப் பழைய சேலையைக் கிழித்து, ஸ்பிரிங் கம்பியில் திரை மாட்டியிருக்கிறாள். மீதிக் காசில் பதினொராயிரம் அப்படியே இருக்கிறது. கதவா, இன்வெர்ட்டரா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் இன்வெர்ட்டர் கட்சி.